ஊடகத்தினுள் ஒளி: உயர்தர மாணவர் சறுக்கும் இடங்கள்

உயர்தரப் பௌதிகவியலில் இந்தப் பகுதிக்குப் புள்ளி பறிபோவது பெரும்பாலும் சூத்திரம் மறந்துபோவதால் அல்ல. சரியான சூத்திரத்தில் பொருந்தாத எண்ணைப் போடுவதால்.

நீரை எடுப்போம். காந்தத் தன்மையற்ற ஊடகத்தில் முறிவுச்சுட்டி (வெற்றிடத்தைவிட ஒளி எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்ற எண்) என்பது மின்னுழைய மாறிலியின் (ஊடகம் மின்புலத்தை எத்தனை மடங்கு குறைக்கிறது என்ற எண்) வர்க்கமூலம். அட்டவணையில் நீரின் மின்னுழைய மாறிலி 80 என்றிருக்கும். வர்க்கமூலம் ஏறத்தாழ 9. ஒளிக்கோ நீரின் முறிவுச்சுட்டி 1.33தான். அந்த 80, மாறாத மின்புலத்துக்கான பெறுமானம். நீர் மூலக்கூறுகள் முனைவுள்ளவை. புலம் மெதுவாக மாறினால் கூடவே திரும்பும். 20 கிகாஹேர்ட்ஸ் அளவில் நன்றாகப் பின்தங்கிவிடும். ஒளியின் மீடிறன் (அதிர்வெண்) சுமார் 5×10¹⁴ ஹேர்ட்ஸ். மூலக்கூறு திரும்ப அவகாசமே இல்லை, இலத்திரன்கள்தான் ஈடுகொடுக்கும். அங்கே மாறிலி 1.77, வர்க்கமூலம் 1.33.

சோடியம் ஒளியின் 589 நனோமீற்றர் அலைநீளம் நீரில் 443 ஆகக் குறையும். உடனே “நீல ஒளியாகிவிடும்” என்று எழுதவேண்டாம். மீடிறன் மாறாது, நிறம் அதைப் பொறுத்தது.

அதே மின்னுழைய மாறிலி வரும் கொள்ளளவிக் (ஏற்றம் சேமிக்கும் இரு தட்டுகள்) கணக்கில் பற்றரி இணைப்பில் உள்ளதா, கழற்றப்பட்டதா என்பதை முதலில் வாசியுங்கள். இணைப்பில் இருந்தால் அழுத்த வித்தியாசம் மாறாது. தட்டுகளிடையே மின்னுழையத்தைச் (மின்கடத்தாப் பொருளை) செருகினாலும் புலம் அப்படியே, ஏற்றம் கூடும். கழற்றியிருந்தால் ஏற்றம் மாறாது, புலம் குறையும். இரண்டுக்கும் ஒரே விடை எழுதுவோர் ஏராளம்.

ஒளியியல் நாரில் அவதிக் கோணத்தை (இதைத் தாண்டினால் கதிர் முழுவதும் உள்ளே தெறிக்கும்) வளிக்கு எதிராகக் கணிப்பது இன்னொரு பிழை. முறிவுச்சுட்டி உள்ளகத்துக்கு 1.48, அதைச் சூழ்ந்த உறைக்கு 1.46 என்றால் கோணம் 80.6 பாகை. உறையை மறந்தால் 42.5 வரும், அதை நம்பினால் உறைக்குள் கசியும் கதிர்களையும் தெறிப்பதாகச் சொல்லிவிடுவீர்கள்.

“கடத்தியில் அலை உட்புகாது” என்பதும் அரைகுறை. கொழும்புக் காலிமுகத்திடலுக்கு அப்பாலுள்ள கடல்நீரில் 1 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையின் புலம் சுமார் 25 சென்ரிமீற்றர் ஆழத்தில் மேற்பரப்பில் உள்ளதன் 37 சதவீதமாகிறது. பூச்சியம் ஆவதில்லை. மீடிறன் நூறு மடங்கு குறைந்து 10 கிலோஹேர்ட்ஸ் ஆனால் அந்த ஆழம் பத்து மடங்கு, அதாவது 2.5 மீற்றர். இதே சூத்திரத்தை ஒளிவரை இழுத்தால் 11 மைக்ரோமீற்றர் கிடைக்கும். அப்படியானால் கடலின் மேற்பரப்பிலேயே இருட்டாக இருக்கவேண்டும். உப்பு அயன்கள் அந்த வேகத்துக்கு அசைய முடியாததால், நல்ல கடத்திக்கான அச்சூத்திரம் அங்கே செல்லாது.