டோன் வந்தும் பேஜர் அடிக்கவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

அமெரிக்காவின் சிறிய ஊர்களில் தீயணைப்பு வீரர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். தூங்குகிறவரை எழுப்ப, மோட்டோரோலா மினிட்டர் போன்ற குரல் பேஜர்களைத்தான் (ரேடியோவில் வரும் அழைப்பைப் பேச்சாகவே ஒலிக்கும் சிறு கருவி) பல ஊர்களில் இன்றும் நம்பியிருக்கிறார்கள். அது அடிக்காவிட்டால் உடனே 'புரோகிராமிங் போச்சு' என்று கடைக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

அவசர அழைப்புகளை ஏற்கும் 911 மையம் ஒரு நிலையத்தை அழைக்கும்போது இரண்டு டோன்களை, அதாவது குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலிக்கும் ஒலிகளை, அடுத்தடுத்து அனுப்பும். முதலாவது சுமார் 1 விநாடி, இரண்டாவது சுமார் 3 விநாடி. உங்கள் பேஜரில் 349.0 ஹெர்ட்ஸ், பிறகு 600.9 ஹெர்ட்ஸ் என்று பதிந்திருந்தால், அந்த ஜோடி அதே வரிசையில் வந்தால்தான் அது அலறி ஸ்பீக்கரைத் திறக்கும். எல்லோரையும் ஒருசேர எழுப்ப ஒரே டோனை 8 விநாடி போல நீட்டி அனுப்புவதும் உண்டு. அதைத் தனியாகப் பதிய வேண்டும். ஜோடிக்கு அடித்து, நீள டோனுக்கு மட்டும் அடிக்காவிட்டால் மேற்கொண்டு தேட வேண்டாம், பேஜரில் அதைப் பதிய விட்டுப்போயிருக்கிறது.

படி 1: சுவிட்ச். மேலே உள்ள குமிழின் ஒவ்வொரு நிலையும் என்ன செய்யும் என்பது புரோகிராம் செய்யும்போது முடிவாவது. பக்கத்து வீட்டுக்காரரின் 'ஏ' நிலையும் உங்கள் 'ஏ' நிலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நிலையில் அதிர்வு மட்டும் வைத்திருக்கலாம். மெத்தைமேல் கிடக்கும் பேஜர் அதிர்ந்தால் யாருக்குத் தெரியும்? அலறலின் சத்தம் ஒலிக்குமிழைப் பொறுத்ததா, எப்போதும் முழுச் சத்தமா என்பதும் புரோகிராமில் இருப்பதுதான். நிலையத்தில் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: காது கேட்கிறதா? எல்லாப் பேச்சையும் கேட்கும் நிலைக்கு மாற்றி, நன்றாக வேலை செய்யும் இன்னொரு பேஜரைப் பக்கத்தில் வையுங்கள். இந்த ஒரு சோதனையிலேயே பாதி விடை கிடைத்துவிடும். இரண்டும் இரைந்தால் இடம் சரியில்லை. உங்களுடையது மட்டும் இரைந்தால் அல்லது ஊமையாக இருந்தால் கோளாறு பேஜரிலோ பேட்டரியிலோ. பேச்சு தெளிவாக வந்தும் டோனுக்கு அசையவில்லை என்றால் நேராகப் படி 5.

படி 3: பேட்டரி. மினிட்டர் 5-இல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 6-இல் லித்தியம் அயான். சார்ஜரில் பச்சை விளக்கு எரிவதை நம்பாதீர்கள். கிழடான பேட்டரியும் பச்சை காட்டும், சில மணி நேரத்தில் படுத்துவிடும். பேஜரிலும் சார்ஜரிலும் உள்ள உலோகத் தொடுமுனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, புது பேட்டரி ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

படி 4: இடம். தீயணைப்புச் சேனல்கள் பல இருக்கும் 154 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 1.95 மீட்டர். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகளால் ஒரு மூலையில் சிக்னல் செத்துக்கிடக்கும், அரை மீட்டர் தள்ளினால் உயிர் வரும். மலிவான எல்இடி விளக்கும் போன் சார்ஜரும் இரைச்சலைக் கூட்டும், அவற்றை அணைத்துப் பாருங்கள். தகரக் கூரை வீடென்றால் ஆன்டெனாவோடு வரும் சார்ஜர்தான் வழி.

படி 5: தெளிவாகக் கேட்டும் அடிக்காதபோது. பேஜர் இரண்டு சேனல்களை ஸ்கேன் செய்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொரு சேனலின் பேச்சில் அது நின்றிருக்கும்போது ஒரு விநாடி டோன் போயே போய்விடும். பழைய பேஜர் என்றால் அலைவரிசை அகலத்தையும் கேளுங்கள். 2013 ஜனவரி 1-க்குள் இந்தச் சேனல்களை 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12.5-க்குக் குறைக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி. பழைய அகலத்திலேயே விட்ட பேஜரில் குரலும் டோனும் சன்னமாகத்தான் வரும்.

அதுவும் சரியென்றால் டோனையே அளந்துவிடலாம். வாராந்திர சோதனை அழைப்பை வேறொரு ரேடியோவின் ஸ்பீக்கர் பக்கம் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, முதல் டோனை மட்டும் தேர்ந்தெடுத்து, அதிர்வெண் வரைபடத்தைப் போடுங்கள். அதில் அளவை (Size) 32768 என்று வைத்தால், விநாடிக்கு 44100 மாதிரிகள் எடுத்த பதிவில் ஒவ்வொரு படியும் 1.35 ஹெர்ட்ஸ்தான், 349-ஐயும் அதே டோன் குழுவில் அடுத்ததான 368.5-ஐயும் குழப்பிக்கொள்ள முடியாது. சிறிய அளவில் வைத்தால் உச்சி தட்டையாகத் தெரியும், எண்ணை நம்ப முடியாது. இரண்டாவது டோனையும் அப்படியே அளந்து, பேஜரில் பதிந்துள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். எண்கள் வேறாக இருந்தால் பேஜரில் பதிந்தது தவறு.

நீளத்தையும் பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் முழுதாக எழும்புவதற்குள் டோன் தொடங்கிவிட்டால் அதன் தலை வெட்டுப்படும். முதல் டோன் அரை விநாடிதான் இருக்கிறது என்றால், மையத்தில் சொல்ல வேண்டிய விஷயம் அது. பதிவு செய்த ரேடியோ திறக்கும் தாமதமும் கொஞ்சம் விழுங்கும் என்பதால், இரண்டு ரேடியோக்களில் அளந்த பிறகு பேசுங்கள்.

போனில் டோன் உண்டாக்கி வாக்கிடாக்கி வழியாக அனுப்பிப் பார்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். நிலையத்தில் எல்லாருடைய பேஜரும் அலறும், அனுமதியும் கிடையாது. நிலையத் தலைவர் மூலமாக 911 மையத்தின் அவசரமல்லாத எண்ணில் சோதனை டோன் கேட்டால் அனுப்புவார்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது அளந்த எண்களையும் எந்தப் படியில் நின்றது என்பதையும் எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் சோதனை டோனைக் கடை மேசையில் கேட்டால் போதாது, இரவில் பேஜர் இருக்கும் அதே கட்டில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.