ஆஃபர்ல ஸ்டீல் ஃபிளாஸ்க் பாட்டில் வாங்கப் போறீங்களா?

பாதி விலைன்னு போட்டிருந்தா உடனே ஆர்டர் போட்டுடாதீங்க, முதல்ல அதே மாடல் வேற கடைகள்ல என்ன விலைக்குப் போகுதுன்னு பாருங்க, ஏன்னா எம்ஆர்பியை ஏத்தி வச்சுட்டு தள்ளுபடின்னு காட்டுறது ரொம்ப சகஜம்.

அடுத்து, 'டபுள் வால் வேக்யூம்'னு தெளிவா எழுதியிருக்கணும். வெறும் ஸ்டீல் பாட்டிலும் வெளியில பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனா சூடு நிக்காது. ரெண்டு சுவருக்கு நடுவுல காத்தை உறிஞ்சி எடுத்திருக்கறதாலதான் சூடு வெளிய போறதில்ல, 1892ல ஜேம்ஸ் டூவர்ங்கிற விஞ்ஞானி கண்டுபிடிச்ச அதே டெக்னிக்தான் இன்னைக்கும். உள்பக்க ஸ்டீல் 304 கிரேடா, அதாவது 18/8ஆன்னு (சுமார் 18% குரோமியம், 8% நிக்கல்) பாருங்க, 201 கிரேடு ஸ்டீல்ல நிக்கல் கம்மி, சீக்கிரம் துரு பிடிக்க வாய்ப்பிருக்கு.

வந்ததும் கொதிக்கிற தண்ணி ஊத்தி மூடி, அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்க. மூடிகிட்ட லேசா சூடு இருந்தா பரவால்ல, உடம்பு முழுக்க சுட்டா வேக்யூம் போச்சுன்னு அர்த்தம், ரிட்டர்ன் டைம் முடியறதுக்குள்ள திருப்பி அனுப்பிடுங்க. அதனால ரிட்டர்ன் இல்லாத ஆஃபரை நான் தொடவே மாட்டேன்.

மூடியோட ரப்பர் வாஷர் தனியா கிடைக்குமான்னும் கேட்டுக்கோங்க, முதல்ல போறது அதுதான். வாய் அகலமா இருந்தா கழுவ ஈஸி.