பழைய பிரவுசரில் பக்கம் குலைந்து வந்தால் செய்யக்கூடாதவை

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் போடப் போனால், விண்டோஸ் 7 ஓடும் சிஸ்டம் ஒன்றை இன்றும் பார்க்க நேரலாம். அதில் புதிதாக வடிவமைக்கப்பட்ட ஓர் இணையதளத்தைத் திறந்தால் மெனு முழுவதும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்து நிற்கும். முகவரி எழுதும் கட்டத்தின் மேல் புகைப்படம் ஏற்றும் பட்டன் ஏறி உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு 'சமர்ப்பி' என்பதை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்று ஆளை அனுப்பிவிடுவதுதான் இந்த இடத்தில் நடக்கும் முதல் தவறு. சர்வர் படுத்துவிட்டால் பெரும்பாலும் பக்கமே வராது, அல்லது 500, 503 போன்ற பிழை எண் வரும். பக்கம் வந்து, உருக்குலைந்து நின்றால் சந்தேகப்பட வேண்டியது பிரவுசரை. அதே முகவரியைக் கையிலுள்ள போனில் திறந்து பார்த்தால் அரை நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் விதிகளில் தனக்குத் தெரியாத ஒன்று வந்தால், பிரவுசர் அதை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஆகவே அமைப்பு பாதி குலைந்தும் பாதி சரியாகவும் தெரிகிறது. கட்டங்களை அடுக்கும் 'கிரிட்' முறை 2017-இல்தான் முக்கிய பிரவுசர்களில் பரவலாக வந்தது; அதற்கு முந்தைய பதிப்புகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. பட்டன்களை இயக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட்டின் கதை வேறு. அதில் புரியாத தொடரமைப்பு ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தக் கோப்பு முழுவதும் இயங்காமல் நின்றுவிடும். பட்டன் கண்ணுக்குத் தெரிந்தும் அழுத்தினால் அசையாமல் கிடப்பது இதனால்தான்.

இதை அறியாமல் பலரும் செய்வது, ஹிஸ்டரி, குக்கி, சேமித்த பாஸ்வேர்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழிப்பது. பலரின் வேலையைப் பார்க்கும் கடையில் இது தேவையற்ற தலைவலி. அழித்த பாஸ்வேர்டைத் தேடி அலைவதிலேயே அன்றைய நாள் போய்விடும். முன்பு திறந்த பக்கத்தின் சேமித்த நகலான கேச் பழையதாக இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் கன்ட்ரோல், எஃப்5 இரண்டையும் சேர்த்து அழுத்துவதே போதும். எக்ஸ்டென்ஷன் ஏதேனும் குறுக்கிடுகிறதா என்று அறிய இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பார்க்கலாம். ஜூமைக் குறைத்துக் குறைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

அடுத்தது அப்டேட். 'உங்கள் பிரவுசர் பழையது, இங்கே கிளிக் செய்யவும்' என்று பக்கத்தின் நடுவில் குதித்து வரும் பெட்டியை நம்பி எதையும் இறக்கக் கூடாது. அதன் வழியாக வைரஸ் உள்ளே வருவது புதிதல்ல. குரோமில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து, உதவிப் பகுதியில் குரோமைப் பற்றிய பக்கத்துக்குப் போனால் பதிப்பு எண் தெரியும். புதியது இருந்தால் அங்கேயே இறங்கும். அங்கே 109 என்ற எண்ணைக் கண்டால் நின்று யோசிக்க வேண்டும். விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் குரோம் கொடுத்த கடைசிப் பதிப்பு அதுதான். 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 இல்லாமல் குரோம் ஏறாது. விண்டோஸ் எக்ஸ்பியில் அந்த எல்லை 49. இந்த எல்லையை அறியாமல் குரோமை நீக்கி மறுபடி நிறுவிக்கொண்டே இருப்பது வீண் வேலை. விண்டோஸ் 7-இல் இருந்தே ஆக வேண்டும் என்றால், அதற்குக் கடைசியாக வந்த பயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) பதிப்பு குரோம் 109-ஐ விடச் சற்றே மேல்.

பயர்பாக்ஸைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க 105-க்கு முந்தைய குரோமும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் விண்டோஸ் வைத்திருக்கும் நம்பகமான மூலச்சான்றிதழ்களின் பட்டியலையே நம்புகின்றன. பயர்பாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமந்து வருகிறது. 2021 செப்டம்பர் 30 அன்று, இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்கு அதுவரை துணைநின்ற பழைய மூலச்சான்றிதழ் காலாவதியானபோது, அப்டேட் இல்லாத கணினிகளில் பல தளங்கள் எச்சரிக்கையோடு நின்றது இதன் விளைவே.

ஆனால் சான்றிதழ் எச்சரிக்கை எல்லாமே இந்த ரகம் அல்ல. திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் காசு அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் கணினி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். நேற்று வழங்கிய சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தி, பேட்டரியையும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. இதைப் பார்க்காமல் 'பரவாயில்லை, தொடர்க' என்பதை அழுத்தி, அதன் வழியே ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் கொடுப்பதுதான் இந்தப் பட்டியலிலேயே மிக ஆபத்தான தவறு என்பது என் கருத்து.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவு விண்டோஸ் 10-இல் 2022 ஜூன் 15 அன்று முடிந்தது. பழைய அலுவலகத் தளங்களுக்காக எட்ஜ் பிரவுசரில், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போலவே பக்கத்தைத் திறக்கும் ஐஇ மோட் என்ற வசதியை மைக்ரோசாப்ட் வைத்திருக்கிறது. பழைய தளம் ஒன்று இதனால் திறந்ததைப் பார்த்துவிட்டு, குலையும் எல்லாத் தளங்களையும் அதே மோடில் போடுகிறவர்கள் உண்டு. புதிய தளத்தை அதில் திறந்தால் நன்றாக இருப்பதும் கெடும். பிரவுசர் தன் பெயரையும் பதிப்பையும் தளத்திடம் சொல்லும் யூசர் ஏஜென்டை மாற்றிப் புதிய பிரவுசர்போல் காட்டிக்கொள்வதும் அப்படித்தான். பெயர் மாறுமே தவிரத் திறன் கூடாது.

தமிழ் எழுத்து உடைந்து வருவதற்கு மருந்து வேறு. வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் யூனிகோடு தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். அங்கே பாமினியை நிறுவிப் பயனில்லை, ஏனெனில் அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துரு வேண்டும். 'கொ' என்பதன் ஒற்றைக்கொம்பு முன்னே நிற்காமல், பின்னே புள்ளிவட்டத்தோடு ஒட்டிக்கொண்டால் எழுத்துருவைத் தொடாதீர்கள். எக்ஸ்பியின் மண்டல, மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவ வேண்டும். மாறாக, பக்கம் முழுவதும் தலையில் கோடும் புள்ளியும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் அது திஸ்கி போன்ற பழைய குறிமுறையில் எழுதிய தளமாக இருக்கலாம். அதற்கு அந்தந்த எழுத்துருவோ குறிமாற்றியோதான் வழி.

கணினியே தடையாக இருக்கும்போது, 4 ஜிபி ராமும் 64 பிட் பிராசசரும் இருந்தால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அதில் ஓடும். புதிய பயர்பாக்ஸும் அதோடு வரும். நேரே நிறுவிவிடாமல் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, கடையின் ஸ்கேனர், பிரின்டர், கைரேகைக் கருவி, ஆடிட்டர்களின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவை அதில் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே விண்டோஸை அழிக்க வேண்டும்.