விரியன் கடிச்சா ரத்தம் உறையாது: அப்போ பண்ணக்கூடாத தப்புகள்

கண்ணாடி விரியன் கடிச்சாலும் சரி சுருட்டை விரியன் கடிச்சாலும் சரி, நம்ம ஊர்ல உடனே துண்டைக் கிழிச்சு இறுக்கி கட்டிட்டு பிளேடை எடுத்துக்கிட்டு கடிவாயை கீற வந்துடுவாங்க. இந்த ரெண்டு பாம்புக்கும் இதைவிட மோசமான வைத்தியம் கிடையாது. ரத்தம் உறையறதுக்குன்னு உடம்புல இருக்கிற சரக்கையெல்லாம் விஷம் தேவையில்லாம கிளப்பிவிட்டு உள்ளுக்குள்ளயே தீர்த்துடும், ஃபைப்ரினோஜென் (ரத்தத்தை உறைய வைக்கிற புரதம்) காலியானதும் சின்ன கீறல் கூட நிக்காம கசியும், அதுல போய் பிளேடா? கட்டு போட்டாலும் ஏற்கெனவே வீங்குற கால்ல ரத்த ஓட்டம் நின்னு சதை செத்துப்போகும், விஷம் ஒண்ணும் நிக்காது.

அடுத்தது, "ரத்தமே வரலையே, குட்டிப் பாம்புதானே"னு வீட்லயே உக்காந்துக்கிறது. சுருட்டை வளந்தாலும் சின்ன பாம்புதான், குட்டி மாதிரிதான் தெரியும். கண்ணாடி விரியனை மலைப்பாம்பு குட்டின்னு நினைச்சு கையில எடுக்கிறவங்களும் உண்டு. கடிவாய் காஞ்சிருந்தாலும் பல் ஈறுல ரத்தம், ஒண்ணுக்கு சிவப்பா போறது, பழைய புண்ணுல கசிவு இதெல்லாம் பிறகு வரலாம், அதனால 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரி கண்காணிப்புல இருக்கணும். பாம்பை அடிச்சு பையில போட்டு கொண்டுபோறதும் வேண்டாம், அந்த நேரத்துல 108-க்கு போன் பண்ணுங்க. வலிக்குதுன்னு ஆஸ்பிரின், டைக்லோஃபெனாக் எதையும் முழுங்காதீங்க, ரத்தக்கசிவு இன்னும் கூடும். சதையில போடுற ஊசியும் (டெட்டனஸுக்கு போடுற டிடி உட்பட) ரத்தம் சரியா உறைய ஆரம்பிச்ச பிறகுதான்.

ஆஸ்பத்திரியில நடக்கிற தப்பையும் சொல்லியாகணும். ரத்தம் உறையுதான்னு பாக்க 2 மில்லி ரத்தத்தை சுத்தமான, காஞ்ச கண்ணாடி டியூப்ல விட்டு 20 நிமிஷம் ஆட்டாம அசைக்காம வெச்சிட்டு அப்புறம் சாய்ச்சு பாப்பாங்க, தண்ணியா ஓடினா உறையலைன்னு அர்த்தம். இவ்ளோ சிம்பிளான டெஸ்ட்டைதான் கெடுத்து வைக்கிறது. பிளாஸ்டிக் டியூப்ல விட்டாலோ சோப்பு போட்டு கழுவின டியூப்ல விட்டாலோ நல்ல ரத்தம் கூட உறையாது. 10 நிமிஷத்துல ஒருதடவை தூக்கி சாய்ச்சு பாக்கிறதும் தப்பு. முதல் தடவை உறைஞ்சிருக்குன்னு வீட்டுக்கு அனுப்பிடக்கூடாது, திரும்பத் திரும்ப பாக்கணும்.

சொந்தக்காரங்க பண்ற தப்பு ஒண்ணு. விஷமுறிவு மருந்து ஏத்தி ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும், "இன்னும் உறையலையாம், வேற ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போலாம்"னு சண்டை. மருந்து விஷத்தைத்தான் நிறுத்தும், தீர்ந்துபோன சரக்கை ஈரல்தான் புதுசா செய்யணும், அதுக்கு சுமார் 6 மணி நேரம் பிடிக்கும், அதனாலதான் 6 மணி நேரம் கழிச்சு மறுபடி டியூப் வெக்கிறாங்க. அதுவரைக்கும் பிளாஸ்மா (உறையற சரக்கு இருக்கிற, ரத்தத்தோட நீர்ப்பகுதி) போடுங்கன்னு கெஞ்சுறவங்களும் இருக்காங்க, விஷம் இருக்கும்போது மருந்தில்லாம பிளாஸ்மா மட்டும் ஏத்தினா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தின கதைதான்.

குழந்தைக்கு மருந்தை குறைச்சு போடச் சொல்லாதீங்க. பாம்பு ஆளைப் பாத்து விஷத்தை குறைச்சு விடாது, பெரியவங்களுக்கு போடுற அதே அளவுதான் குழந்தைக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலை எஸ்டேட் பக்கம் இருக்கிறவங்க இதையும் தெரிஞ்சுக்கோங்க, அங்க இருக்கிற மூக்கு தூக்கின குழிவிரியனுக்கும் ரத்தம் உறையாம போகும், கிட்னியும் அடிவாங்கும், ஆனா நம்ம மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், இந்த ரெண்டு விரியன்னு நாலு பாம்புக்குத்தான் செஞ்சது, குழிவிரியன் விஷத்துக்கு கேக்காது. தூரத்துல இருந்து போட்டோ எடுக்க முடிஞ்சா டாக்டர்கிட்ட காட்டுங்க, முடியலைன்னா அதுக்காக நிக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஒண்ணுக்கு குறைஞ்சாலோ முகம் வீங்கினாலோ அன்னைக்கே திரும்பப் போங்க.