ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் புதியவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது எப்படி?

காரைக்குடிக்கு அருகே உள்ள ஆத்தங்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், கண்ணாடியின் மேல் சிமெண்டை வார்த்துக் கையாலேயே தரைக்கல் செய்யும் டைல்ஸ் பட்டறைக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தால், 'பார்த்துச் செய்யப்பா' என்று சொல்லிக் கண்ணாடிப் பலகையின் முன் உட்கார வைத்துவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பெரிய இயந்திரமோ உயரமான சாரமோ இல்லாத கைத்தொழில் என்பதால் இதில் ஆபத்து ஏதும் இல்லை என்று உரிமையாளர்களே எண்ணிவிடுகிறார்கள். ஈரச் சிமெண்டும், விளிம்பு உடைந்த கண்ணாடியும், மணல் தூசியும், சித்திரை வெயிலும் ஓசையில்லாமல் கெடுதல் செய்பவை. ஆகவே புதியவர் கரண்டியைத் தொடுவதற்கு முன் ஓர் அரை நாளை இதற்கென்று ஒதுக்குங்கள்.

அந்த அரை நாளுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் என்ன சொன்னாலும் புதியவர் மறுநாள் முதல் பார்த்துப் பழகப்போவது மேஸ்திரியின் கையைத்தான். அவர் வெறுங்கையால் சிமெண்டை அள்ளினால், கையுறை போட்ட புதியவருக்குக் கூச்சமாகிவிடும். இரண்டே நாளில் உறை ஆணியில் தொங்கும். எனவே முதலில் மேஸ்திரியுடன் உட்கார்ந்து பேசி, பயிற்சியை அவரையே நடத்தச் சொல்வது நல்லது. முப்பது ஆண்டுகள் வெறுங்கையோடு வேலை பார்த்தவர் எளிதில் இணங்கமாட்டார் என்பது உண்மை. ஆனாலும் அவரை விட்டுவிட்டு நடத்தும் பயிற்சியால் பயன் எதுவுமில்லை என்பதே என் கருத்து.

பயிற்சியை அலுவலக மேசையில் நடத்தாமல், கல் உருவாகும் வழியிலேயே நடந்து நடந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். கண்ணாடி துடைக்கும் இடம், அச்சில் வண்ணக் குழம்பை ஊற்றும் இடம், உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவும் இடம், மேல் கலவையை நிரப்பி மட்டம் செய்யும் இடம், தண்ணீர்த் தொட்டி, காயவைக்கும் களம் என்ற வரிசையில் போனால் ஆபத்துகளும் அதே வரிசையில் வந்து சேரும். ஒவ்வொரு இடத்திலும் மேஸ்திரி ஒருமுறை செய்து காட்டட்டும். பிறகு புதியவர் செய்து காட்டட்டும். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வட மாநிலங்களிலிருந்து வந்து தமிழ் பழகாதவர்களுக்கும் இப்படிச் செய்து காட்டும் முறைதான் கைகொடுக்கும்.

கண்ணாடியைப் படுக்கை வாக்கில் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகக் கூடாது. நிறுத்தின வாக்கில் எதிரெதிர் விளிம்புகளை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். துடைக்கும் முன் விளிம்பு நான்கையும் கண்ணால் பார்த்து, சிதைந்ததைத் தனியே எடுத்து வைக்கப் பழக்குங்கள். உடைந்த துண்டுகளை உடைகல் குவியலில் கொட்டுவது பெருந்தவறு, ஏனெனில் அந்தக் குவியலைப் பிறகு வெறுங்காலோடு மிதித்து அள்ளுபவர் வேறொருவர். மூடியுள்ள தகர டின் ஒன்றைக் கண்ணாடிக்கென்றே வைத்து, அதைப் புதியவருக்குக் காட்டுங்கள்.

நேரத்தில் பாதியைச் சிமெண்டுக்கே கொடுக்கலாம். ஈரச் சிமெண்டு கடுமையான காரத்தன்மை உடையது. அது தோலை அரிக்கும்போது உடனே எரிச்சல் தெரியாது. சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போன பிறகே தெரியும். அதனால்தான் 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை' என்று புதியவர் நம்புகிறார். சிமெண்டில் உள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் அது வாழ்நாள் முழுவதும் விடாது, சிறிதளவு சிமெண்டு பட்டாலும் தோல் வெடிக்கும். வேலைக்கு முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எண்ணெய் ஒரு காப்பு அல்ல என்பதை நேரடியாகவே சொல்லிவிடுங்கள். கை கழுவிய பின் தடவினால் வறட்சி குறையும், அவ்வளவுதான்.

மணிக்கட்டுக்கு மேல் வரும் ரப்பர் உறைதான் வேண்டும். உறைக்குள் கலவை புகுந்துவிட்டால் அது வெறுங்கையைவிட மோசம். அங்கேயே தங்கி அரித்துக்கொண்டிருக்கும். புகுந்தவுடன் கழற்றிக் கையையும் உறையின் உட்புறத்தையும் கழுவச் சொல்லிச் செய்து காட்டுங்கள். மோதிரம், காப்பு, கோவில் கயிறு ஆகியவற்றின் அடியிலும் இப்படித்தான் ஈரம் தங்கும். மோதிரத்தைக் கழற்றச் சொல்லிவிடலாம். மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதமிருப்பவரிடம் அப்படிச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. காப்பு அவிழ்க்கும் வரை அவருக்குக் காய்ந்த கற்களை அடுக்கும் வேலையைக் கொடுங்கள்.

தொட்டித் தண்ணீரைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். தெளிவாகத் தெரிவதால் அதில் கை கழுவுகிறார்கள், முகம்கூடக் கழுவுகிறார்கள். நாள்கணக்கில் கற்கள் ஊறும் அந்தத் தண்ணீரும் காரத் தண்ணீரே. கழுவுவதற்குத் தனிக் குழாய் எங்கே இருக்கிறது என்று காட்டி, ஒருமுறை அங்கே கழுவ வையுங்கள். தொட்டியைச் சுற்றிப் பாசி வழுக்கும் இடத்தையும் அப்போதே காட்டிவிடலாம்.

மணல் தூசியில் உள்ள சிலிகா நுரையீரலில் ஆண்டுக்கணக்கில் படிந்து சிலிக்கோசிஸ் நோயைத் தரும். வந்தால் குணப்படுத்த முடியாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது இந்த நுண்தூசியைத் தடுக்காது, என்95 வகை முகக்கவசம் தேவை. மணல் சலிக்கும்போது காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதற்கும், தரையை நீர் தெளித்த பிறகே பெருக்குவதற்கும், சிமெண்டு மூட்டையை உயரத்திலிருந்து கொட்டாமல் தரையோடு சாய்த்துச் சரிப்பதற்கும் பழக்குங்கள். மூட்டை 50 கிலோ. அதை இருவர் தூக்க வேண்டும் என்பதில் பேச்சுக்கே இடமில்லை.

வெயில் பழகாதவரைக் கோடையில் முதல் நாளே களத்தில் முழுநேரம் நிறுத்தாதீர்கள். முதல் நாள் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஒரு பங்கு என்று கூட்டிக்கொண்டே போகலாம்.

கண்ணில் கலவை தெறித்தால் கசக்காமல், ஓடும் நல்ல தண்ணீரில் இமையை விலக்கிப் பிடித்து 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழைத்தால் பட்டறைக்கு வழி சொல்லத் தெரிய வேண்டும். எந்தக் கோவில், எந்த ஊருணி, எந்தத் திருப்பம் என்று புதியவரையே ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வெளியூர்க்காரருக்கு இது நிச்சயம் தடுமாறும்.

2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு, பணியாளருக்கு நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. அந்தக் கடிதத்தோடு, காட்டிய இடங்களும் தேதியும் எழுதிய ஒரு தாளை இணைத்து மேஸ்திரியும் புதியவரும் கையெழுத்திடட்டும். பயிற்சியை நடத்தாமல் கையெழுத்து மட்டும் வாங்கும் தாளை விட, தாளே இல்லாமல் இருப்பது நேர்மையானது.

ஒரு வாரம் கழித்து, கைகழுவும் குழாயருகே புதியவரின் விரல் இடுக்குகளையும் மணிக்கட்டையும் பாருங்கள். சிவப்போ வெடிப்போ தெரிந்தால் அன்றே கலவை வேலையிலிருந்து மாற்றி, தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். வேலை மாறியதற்காகக் கூலியைக் குறைக்க வேண்டாம். குறைத்தால் அடுத்த முறை அவர் கையைக் காட்டமாட்டார்.