பள்ளியில் கனிவு தவறும் இடங்கள்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நகம், தலைமுடி, பல் ஆகியவற்றைப் பார்க்கும் வழக்கம் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் உண்டு. பென்னாகரம் அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் பணியில் சேர்ந்த புதிதில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை வரிசையிலிருந்து வெளியே அழைத்து, "தினமும் பல் விளக்குகிறாயா, இல்லையா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் கையால் வாயை மூடிக்கொண்டாள். அதன்பின், வாசிக்க எழுந்த போதெல்லாம் புத்தகத்தை மூக்கு வரை உயர்த்திப் பிடித்துக்கொண்டே வாசித்தாள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது வரையறை. நிலைப் பற்கள் ஈறுக்குள் உருவாகி வரும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், அந்த நீரையே குடித்து வளர்ந்த குழந்தையின் பல்லில் தெரியும் பழுப்புக் கறை எனாமலோடு சேர்ந்தே உருவானது. எந்தப் பற்பொடியாலும் போகாது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இங்கே நடைமுறைக்கு வந்ததற்கு இந்தப் பாதிப்பும் முக்கியக் காரணம். இவற்றையெல்லாம் அறிவியல் பாடமாகவே நடத்தியவன் நான். ஆனாலும் அந்தக் காலையில் என் கண்ணுக்குக் கறைதான் தெரிந்தது, காரணம் தோன்றவில்லை. நாங்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன: காரணத்தை அறியுமுன் கண்டிக்கிறோம், அதையும் நாலு பேர் முன்னால் செய்கிறோம்.

"நான் யாரையும் அடிப்பதில்லை" என்று சொல்லி நிறைவு அடைந்துவிடுவதும் தவறுதான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. பட்டப்பெயர் வைப்பது, சாதியையோ வீட்டு நிலையையோ குத்திக் காட்டுவது, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளையின் தமிழ் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பது எல்லாம் பிரம்பைத் தொடாமலே நடப்பவை. பாடத் திட்டமிடலுக்காக ஏற்பட்ட "மெல்லக் கற்போர்" என்ற வகைப்பாடுகூட, "மெல்லக் கற்போர் எல்லாம் எழுந்து பின்னால் போங்கள்" என்று வகுப்பில் ஒலிக்கும்போது பட்டப்பெயராகிவிடுகிறது.

விடுப்பு எடுத்து வரும் பிள்ளையிடம், "அப்பா அம்மாவைக் கூட்டி வந்தால்தான் உள்ளே உட்கார வேண்டும்" என்பது எல்லாப் பள்ளிகளிலும் கேட்கும் வாசகம். பெற்றோர் பெங்களூருவில் கட்டட வேலையிலோ, திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ, எங்கோ ஒரு செங்கல் சூளையிலோ இருக்க, பாட்டியோடு வளரும் பிள்ளையால் அந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியாது. பள்ளிக்கு வராமல் இருப்பதே அதற்கு எளிதான வழியாகத் தோன்றும். அப்படி நின்றுபோனவர்களைத் தேடி, இடைநின்றோர் கணக்கெடுப்பின்போது நாமே வீடு வீடாகப் போகிறோம். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ஆண்டுத் தொடக்கத்திலேயே, எந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறது, யாருடைய தொலைபேசியை அழைத்தால் எடுப்பார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், பாதிக் கேள்விகளைப் பிள்ளையிடம் கேட்கவே வேண்டியிருக்காது.

மிகுந்த கவனம் வேண்டிய இடம், ஒரு பிள்ளை தானாக வந்து மனம் திறக்கும் தருணம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "மாமாவுக்குக் கட்டிக் கொடுக்கப் போகிறார்கள், டீச்சர்" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அக்கறையுள்ள ஆசிரியர்களே இங்கே மூன்று விதமாகத் தவறுகிறார்கள். முதலாவது, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது. அது காப்பாற்ற முடியாத, காப்பாற்றக் கூடாத வாக்கு. "உன்னைப் பாதுகாக்க யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்பதே நேர்மையான பதில். இரண்டாவது, நல்லெண்ணத்தோடு உடனே தந்தையை அழைத்துப் பேசுவது. விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்று அறிந்ததும் திருமணத்தை முன்கூட்டியே, வேறு ஊரில் வைத்து முடித்துவிடும் அபாயம் உண்டு; சொன்ன குற்றத்துக்காக வீட்டில் அவளுக்கு அடியும் விழலாம். செய்ய வேண்டியது 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்டச் சமூக நல அலுவலருக்கோ தகவல் தருவது. பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால், காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயமே. மூன்றாவது, எனக்கு மிகவும் வருத்தம் தருவது: மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் அந்தச் செய்தி பேச்சாகிவிடுவது. மாலைக்குள் அது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒருமுறை அப்படி நடந்துவிட்டால், அந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் மறுபடி வாய் திறக்காது.

தலைமை ஆசிரியர்கள் செய்யும் தவறு வேறு வகை. மாவட்ட அளவிலான மீளாய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டுக்காக எழுப்பி நிறுத்தப்பட்டவர், மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் பாட ஆசிரியரை அதே போல் எழுப்பி நிறுத்துகிறார். மூன்றாம் பாடவேளைக்குள் அந்த அவமானம் கடைசி பெஞ்சு வரை இறங்கிவிடுகிறது. மேலிருந்து வந்ததை அப்படியே கீழே கடத்தாமல் தம்மோடு நிறுத்திக்கொள்வதுதான், ஒரு தலைமை ஆசிரியர் தம் பள்ளிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி என்று நினைக்கிறேன். மதிப்பெண் பட்டியலை ஆசிரியரோடு தனியே உட்கார்ந்து பார்க்கலாம். சித்தேரி போன்ற மலைப் பகுதிப் பள்ளிக்குப் பேருந்தை நம்பி வரும் ஆசிரியை பத்து நிமிடம் தாமதமானால், வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையைத் தொடுமுன் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

இதைச் சொன்னால், கனிவு என்பது எதையும் கண்டுகொள்ளாமல் விடுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். திருத்தாத நோட்டுக்குக் கையெழுத்திடுவது கனிவு ஆகாது. தொடர்ந்து வகுப்புக்குப் போகாத ஆசிரியரைக் கேட்காமல் விடுவது, அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

தன் சோர்வைத் தானே விழுங்கிக்கொள்வதைக் கடமையுணர்வு என்று எண்ணுவதும் நம்மிடம் உள்ள தவறு. ஒன்றிரண்டு ஆசிரியர்களே உள்ள பள்ளியில் பாடம், பதிவேடு, செயலி, சத்துணவு எல்லாம் ஒருவர் தலையில் விழும்போது எரிச்சல் குழந்தைகள் மேல்தான் பாயும். 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணை மாணவர்களுக்காக அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுகிறோம். இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும் அந்தச் சேவை ஆசிரியர்களுக்கும் உரியது.

இன்னொரு தவறும் உண்டு. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மதிப்புப் போய்விடும் என்று நினைத்து நாள் கடத்துவது. எல்லோர் முன்னும் நான் செய்த தவறுக்கு மறுநாளே, அதே கூட்டத்தில், எல்லோர் முன்னும் வருத்தம் தெரிவித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க அந்த மாணவி வந்த நாளில்தான், அலுவலக அறையில், யாரும் இல்லாதபோது நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க சார்" என்றாள், வாயைக் கையால் மூடியபடியே.