வீட்டிலேயே போட்டோ பிரிண்ட்: ஸ்கேனரும் கலர் பிரிண்டரும் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடைக்குப் போய் "போட்டோ பிரிண்ட் போட ஒரு மெஷின் வேண்டும்" என்று கேட்டால், நான்கு கலர் மை ஊற்றும் ஆல்-இன்-ஒன் (பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் செய்வது) ஒன்றைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். பிள்ளைகளின் புராஜெக்டுக்கும் ஆதார் ஜெராக்ஸுக்கும் அது நன்றாகவே உழைக்கும். தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கி மாட்டுவதற்கு அது போதாது.

ஸ்கேனிங் என்பது ஒருநாள் முடிந்துவிடும் வேலை. ஆல்பங்கள் தீர்ந்தால் ஸ்கேனருக்கு ஓய்வு. பிரிண்டர் அப்படியல்ல. வாங்கிய பிறகும் மை, பேப்பர், பராமரிப்பு என்று செலவு வைத்துக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டையும் ஒரே பெட்டியில் தேடாமல் தனித்தனியாக முடிவு செய்வது நல்லது.

படி 1: முதலில் அலமாரியைத் திறங்கள்

இருக்கும் படங்களை நான்காகப் பிரியுங்கள்: (1) தனியாக இருக்கும் தட்டையான பிரிண்டுகள்; (2) ஆல்பத்தில் ஒட்டியவை, ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டவை, சுருண்டவை; (3) நெகட்டிவ், ஸ்லைடு; (4) போனிலும் கேமராவிலும் இருப்பவை.

நான்காவது வகை மட்டும்தான் என்றால் ஸ்கேனரே வேண்டாம், நேராகப் படி 4-க்குப் போங்கள். முதல் வகை மட்டும் என்றால் மெல்லிய, விலை குறைந்த ஸ்கேனர் போதும். இரண்டாவதோ மூன்றாவதோ இருந்தால்தான் செலவு கூடும்.

படி 2: சென்சாரைப் பார்த்து ஸ்கேனர் வாங்குங்கள்

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணைவிட, சிறிய எழுத்தில் இருக்கும் சென்சார் (படத்தைப் படிக்கும் பாகம்) வகைதான் முக்கியம்.

சிஐஎஸ் சென்சார் கண்ணாடிக்கு மிக அருகில் நகரும். ஸ்கேனர் மெல்லியதாக இருக்கும், யுஎஸ்பி கேபிளிலேயே ஓடும். கேனான் லைடு 300, லைடு 400, எப்சன் பர்ஃபெக்‌ஷன் வி39 எல்லாம் இந்த ரகம். ஆல்-இன்-ஒன்களில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். குறை என்னவென்றால், கண்ணாடியில் படிந்திருக்கும் பரப்பு மட்டுமே கூர்மையாக வரும். படம் ஓரிரு மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலே அந்த இடம் மங்கிவிடும்.

சிசிடி சென்சாரில் லென்ஸும் ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளும் உண்டு. ஸ்கேனர் தடிமனாக இருக்கும், தனி அடாப்டர் வேண்டும், விலையும் பல மடங்கு. ஆனால் சுருண்ட படமும் ஃபிரேம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் படமும் தெளிவாக விழும். எப்சன் பர்ஃபெக்‌ஷன் வி600 இந்த வகை. அதன் மூடியிலேயே விளக்கு இருப்பதால் 35 மிமீ நெகட்டிவ், ஸ்லைடு, அதைவிட அகலமான 120 ஃபிலிம் மூன்றையும் எடுக்கும். நெகட்டிவின் பின்னாலிருந்து ஒளி வர வேண்டும். மூடியில் விளக்கு இல்லாத ஸ்கேனரில் நெகட்டிவை வைத்தால் கறுப்புப் பட்டைதான் கிடைக்கும்.

வி600-இல் டிஜிட்டல் ஐஸ் என்ற தூசு நீக்கும் வசதி இருக்கிறது. அகச்சிவப்பு ஒளியால் தூசையும் கீறலையும் கண்டுபிடிக்கும். கலர் நெகட்டிவுக்கு அருமை. பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள வெள்ளித் துகள்கள் அகச்சிவப்பை மறைப்பதால், படத்தையே கீறல் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும்.

டிபிஐ பார்க்கும்போது "ஆப்டிகல்" என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "இன்டர்பொலேட்டட்" 19,200 என்பதெல்லாம் மென்பொருள் இட்டு நிரப்பும் கணக்கு.

படி 3: ஸ்கேன் செய்யும் முறை

கண்ணாடியில் நேரடியாக எதையும் தெளிக்க வேண்டாம். ஓரத்தில் புகுந்த நீர் உள்பக்கம் படலமாகத் தங்கிவிடும். மைக்ரோஃபைபர் துணியை லேசாக ஈரமாக்கித் துடைத்து, படத்தின் தூசை ஊதுபந்தால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

எத்தனை டிபிஐ என்பது, எந்த அளவில் அச்சிடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் நிறைவு. அந்தக் கணக்கில் 4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்சல், 5×7-க்கு 1500×2100, ஏ4-க்கு 2480×3508.

அதே அளவில் மறுபடி அச்சிட 300 டிபிஐ போதும். இரண்டு மடங்கு பெரிதாக்க 600. பொதுவாக எல்லா பிரிண்டையும் 600-இல் எடுத்துவிடலாம். 4×6 படம் ஒன்று டிஃப் கோப்பாக (தரம் குறையாமல் சேமிக்கும் வகை) சுமார் 26 எம்பி வரும். 35×45 மிமீ பாஸ்போர்ட் படத்தை 4×6 ஆக்க வேண்டுமானால் 1200 வையுங்கள். 35 மிமீ நெகட்டிவை ஏ4 ஆக்க 3200 தேவை. அதற்கு மேல் கூட்டினால் இவ்வகை ஸ்கேனர்களில் பெருப்பது கோப்பு மட்டுமே.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலர் மோடிலேயே எடுங்கள். மஞ்சள் பாரித்த கறையைப் பின்னால் சரிசெய்ய அந்த நிறத் தகவல் உதவும். மூலக் கோப்பை டிஃப் ஆகச் சேமித்து, திருத்தம் செய்வதற்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கை ஸ்கேனரில் அணைத்துவிடுங்கள். அச்சிடுவதற்கு முன் கடைசியாகச் செய்துகொள்ளலாம். பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் என்றால் மட்டும் "டிஸ்கிரீன்" போடுங்கள். இல்லாவிட்டால் அச்சுப் புள்ளிகள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

படங்கள் தொல்லை கொடுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, சொரசொரப்பான சில்க் ஃபினிஷ் படம். பழைய ஸ்டூடியோ பிரிண்டுகளில் இது நிறைய. பக்கவாட்டு ஒளி ஒவ்வொரு மேட்டிலும் பட்டு, ஸ்கேன் முழுக்க வெள்ளைப் புள்ளி மின்னும். ஒருமுறை நேராக ஸ்கேன் செய்யுங்கள். படத்தை 180 டிகிரி திருப்பி வைத்து இன்னொரு முறை எடுங்கள். கிம்ப் மென்பொருளில் இரண்டையும் இரு லேயராக வைத்து, இரண்டாவதை நேராகத் திருப்பிப் பொருத்தி, மேல் லேயரின் ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மை) 50 சதவீதம் ஆக்குங்கள். எதிரெதிர்த் திசையில் விழுந்த மினுமினுப்பு பெருமளவு அடங்கிவிடும்.

இரண்டாவது, ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படம். பிரித்தெடுக்க முயன்றால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்படியே கண்ணாடியோடு சிசிடி ஸ்கேனரில் வையுங்கள்.

மூன்றாவது, பசைத்தாள் ஆல்பம். பிளாஸ்டிக் தாளை விலக்கிவிட்டு, படத்தின் அடியில் டென்டல் ஃபிளாஸ் நூலை நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல் மெல்ல இழுங்கள். வராவிட்டால் வற்புறுத்தாமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

படி 4: எந்த பிரிண்டர்?

லேசரை முதலிலேயே விலக்கிவிடலாம். கலர் லேசரில் சருமத்தின் மென்மையான நிறமாற்றம் இன்க்ஜெட் அளவுக்கு வராது. அதைவிட முக்கியமான எச்சரிக்கை: இன்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசரில் விடவே கூடாது. தாளைச் சூடாக்கும் பாகமான ஃபியூசரின் சூட்டில் பூச்சு உருகி உருளையில் ஒட்டினால் பழுதுச் செலவு பெரிது.

மிச்சம், மைத்துளிகளைத் தெளிக்கும் இன்க்ஜெட்டும், ரிப்பனில் உள்ள மையைச் சூட்டால் பதிக்கும் டை-சப்ளிமேஷனும் (சுருக்கமாக டை-சப்). எதை எடுப்பது என்பதற்கு ஒரே கேள்வி: வாரத்துக்கு ஒரு பிரிண்டாவது போடுவீர்களா?

போடமாட்டீர்கள் என்றால் இன்க்ஜெட் வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் சும்மா கிடக்கும் ஹெட்டில் (மை தெளிக்கும் பாகம்) மை காய்ந்து அடைக்கும். அதைச் சுத்தம் செய்யக் கொட்டும் மை, நீங்கள் அச்சிட்டதைவிட அதிகமாகிவிடும். வருடத்துக்கு ஐம்பது படம்தான் என்றால் தெருமுனை ஸ்டூடியோவே மலிவு. வீட்டிலேயே வேண்டுமென்றால் கேனான் செல்ஃபி சிபி1500 போன்ற டை-சப். மை ரிப்பனில் இருப்பதால் மாதக்கணக்கில் கிடந்தாலும் அடைப்பு வராது. ரிப்பனும் பேப்பரும் சேர்ந்தே வருவதால் ஒரு படத்தின் செலவு முன்கூட்டியே தெரியும். மஞ்சள், மெஜந்தா, சயான், பாதுகாப்புப் பூச்சு என்று பேப்பர் நான்கு முறை உள்ளே போய் வரும். அதனால் பின்பக்கம் இடம் விட்டு வையுங்கள். அளவு போஸ்ட்கார்டைத் தாண்டாது என்பதே குறை. இன்னொன்று: தீர்ந்த ரிப்பனை விரித்தால் அச்சிட்ட படங்கள் நெகட்டிவ்போல் தெரியும். குடும்பப் படங்கள் என்றால் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

தொடர்ந்து அச்சிடுபவர்களுக்கு இங்க் டேங்க் இன்க்ஜெட். இங்கே மை எத்தனை என்று எண்ணுங்கள். நான்கு மை பிரிண்டரில் வெளிர் நிறங்களுக்கு அடர் மையின் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். கன்னத்திலும் வானத்திலும் அது பொடிப்பொடியாகத் தெரியும். ஆறு மை கொண்ட எப்சன் எல்8050-இல் வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும் தனியாக இருப்பதால் அந்தப் பொடி அடங்கும். ஏ3+ அளவு வேண்டுவோருக்கு எல்18050. கேனான் ஜி570-இல் கூடுதலாக இருப்பவை சிவப்பும் சாம்பலும். சாம்பல் மை இருப்பதால் கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறச்சாயல் குறையும். ஸ்கேனரும் சேர்ந்து வேண்டுமென்றால் அதே வரிசையில் ஜி670.

கேனான் ஜி2010, ஜி3010 போன்றவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை (கரையாத துகள்கள் கொண்டது). எழுத்து கூர்மையாக வரும். போட்டோ பேப்பரில் அந்த மை பிடிக்காது என்பதால் மற்ற மூன்றையும் கலந்துதான் கறுப்பு உண்டாக்கும். கூந்தல் கொஞ்சம் வெளிறித் தெரிவதற்குக் காரணம் அதுவே.

பிரிண்டர் பெட்டியில் போட்டிருக்கும் 5760×1440 டிபிஐ என்பது மைத்துளிகளின் நெருக்கம். உங்கள் படம் 300-இல் இருந்தால் போதும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாங்கும்முன் கடைக்காரரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: கழிவு மை சேரும் மெயின்டனன்ஸ் பாக்ஸை நாமே மாற்ற முடியுமா, சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்க வேண்டுமா? அது நிறைந்ததும் பிரிண்டர் வேலையை நிறுத்திவிடும்.

படி 5: பேப்பர்

விலை குறைந்த 130 முதல் 230 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) வரையிலான பளபளப்புத் தாள்கள் பெரும்பாலும் காஸ்ட் கோட்டட், அதாவது காகிதத்தின் மேல் பளபளப்புப் பூச்சு மட்டும் உள்ளவை. பழகுவதற்கு இது போதும். மழைக்காலத்தில் சுருளும், ஈரக்கை பட்டால் மை ஓடும். கொடுப்பதற்கும் மாட்டுவதற்கும் 260 ஜிஎஸ்எம்முக்கு மேல் ஆர்சி பேப்பர் வாங்குங்கள். இருபுறமும் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் ஸ்டூடியோ பிரிண்டின் விறைப்பு வரும், உடனே உலரும்.

மை பிடிக்கும் பக்கம் எது என்று தெரியாவிட்டால், லேசாக நனைத்த விரலால் மூலையைத் தொடுங்கள். ஒட்டுவது போலிருந்தால் அதுதான் பூச்சுள்ள பக்கம். மறுபக்கம் அச்சிட்டால் மை குளமாகத் தேங்கி உருளையெல்லாம் அப்பும். மிச்சத் தாளை ஜிப் கவரில் மூடி வையுங்கள்.

படி 6: முதல் பிரிண்ட்

முதலில் நாசில் செக், அதாவது எல்லா மைத்துளைகளும் வேலை செய்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு. கோடு விட்டிருந்தால் ஹெட் கிளீனிங்.

அடுத்து, கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் பேப்பர் வகை. கெட்டுப்போகும் பிரிண்டுகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன. "பிளெயின் பேப்பர்" என்றே விட்டுவிட்டால் படம் வெளிறி, கோடு கோடாக வரும். ஆர்சி தாளுக்கு "பிரீமியம் குளாஸி", மலிவுத் தாளுக்கு "போட்டோ பேப்பர் குளாஸி". மை தேங்கினால் ஒரு படி குறைந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். தரம் "ஹை".

போன் படம் 4:3, 4×6 தாள் 3:2. ஓரமில்லாமல் நிரப்பினால் ஒரு பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். தலை போகிறதா, கால் போகிறதா என்று நீங்களே கிராப் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். பார்டர்லெஸ் போட்டால் பிரிண்டர் இன்னும் சற்றுப் பெரிதாக்கும் என்பதால் விளிம்பில் முகம் வேண்டாம்.

அதே காரணத்தால் பாஸ்போர்ட் ஷீட்டுக்கு பார்டர்லெஸ் கூடாது. 4×6 தாளில் 35×45 மிமீ படம் எட்டு அடங்கும்; 100 சதவீத அளவில் அச்சிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

நிறம் சிவந்தோ இருண்டோ வந்தால், மென்பொருளும் டிரைவரும் இரண்டும் சேர்ந்து நிறத்தைத் திருத்துகின்றனவா என்று பாருங்கள். ஒன்றை அணையுங்கள். ஆரம்பத்தில் படத்தை எஸ்ஆர்ஜிபி (வழக்கமான நிற அமைப்பு) ஆக வைத்து, நிறத் திருத்தத்தைப் பிரிண்டரிடமே விட்டுவிடுவது எளிது. நிறம் சரியாக இருந்து மொத்தப் படமும் இருண்டிருந்தால், பிரிண்டரைக் குறை சொல்லாதீர்கள்; வெளிச்சம் கூடிய திரையில் படம் அசலைவிடப் பளிச்சென்று தெரிந்திருக்கும், திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும். அனுப்பியவரிடம் டாக்குமென்டாக மறுபடி கேட்டு வாங்குங்கள்.

ஃபிரேம் போடும்முன் ஒருநாள் உலரவிடுங்கள். ஈரம் அடங்காமல் மாட்டினால் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்தாற்போல் ஆகிவிடும்.

படி 7: பராமரிப்பு

பிரிண்டரை அதன் பட்டனால் அணையுங்கள், சுவர் ஸ்விட்சால் அல்ல. பட்டனை அழுத்தினால்தான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும். அச்சிடும்போது கரண்ட் போனால், வந்ததும் ஒருமுறை ஆன் செய்து பட்டனால் அணைத்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை எல்லா நிறமும் உள்ள சிறு படம் ஒன்று போடுங்கள். அடைப்பு வந்தால் ஹெட் கிளீனிங்கை மூன்று முறைக்கு மேல் அடுத்தடுத்து ஓட்டாதீர்கள். 12 மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி நாசில் செக் எடுங்கள். ஊறிய மை தானாகவே இளகியிருக்கும். பவர் கிளீனிங் கடைசி வழி. அது டேங்கையும் வேகமாகக் காலி செய்யும், கழிவுப் பெட்டியையும் நிரப்பும்.

மலிவு மைக்கு மாறினால் டிரைவரின் நிறக் கணக்கு பொருந்தாமல் போகும். ஒரு டேங்கில் பாதி அசல், பாதி வேறு என்று மட்டும் கலக்காதீர்கள்.